எடுத்துவிட்ட பக்கம்

மூன்று வருடமாகிறது, அந்தக் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஒரு நாடகத்தில் இருந்த ஒன்றரைப் பக்கத்தை அதை எழுதியவரே எடுத்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். நாடகம் என்னுடையது இல்லை. எழுதிய பெண்ணுடன் நான் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை. ஆனாலும் என் வீட்டுப் பொருள் ஒன்றைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனதுபோல ஒரு எரிச்சல். இதை இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "உமக்கு வேற வேலை இல்லையோ" என்றார்கள். சரி, எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் புதிய கனடிய நாடகங்களையே முக்கியமாக மேடையேற்றும் தொழில்முறைக் குழுக்கள் சில இருக்கின்றன. எழுத்துரு, அதாவது நாடகப் பிரதி, கையில் கிடைத்ததும் ஒத்திகைக்குப் போகிறவர்கள் இல்லை அவர்கள். முதலில் மேசையைச் சுற்றி இருந்து வாசிப்பார்கள், எழுதியவர் வீட்டுக்குப் போய்த் திருத்துவார், மறுபடி வாசிப்பார்கள், இரண்டொரு வாரம் நடிகர்களோடு செய்து பார்க்கிற களப்பயிற்சி நடக்கும், பிறகு வெளியாட்களைக் கூப்பிட்டு ஒரு பொது வாசிப்பு வைப்பார்கள். நான் போனது அப்படி ஒரு பொது வாசிப்புக்கு. மாசி மாதத்துத் திங்கட்கிழமை இரவு. திங்களில் பெரும்பாலும் ஆற்றுகை இருக்காது, அறைகள் சும்மா கிடக்கும், நடிகர்களுக்கும் ஓய்வு. பாட்டுக்காரர் தாள் வைக்கிற தாங்கிகள் ஏழு, அவற்றுக்குப் பின்னால் ஏழு நாற்காலிகள், ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல். நடிகர்கள் பனிச் சப்பாத்தோடேயே வந்து உட்கார்ந்தார்கள். ஓரத்தில் ஒருவர் மேடைக்குறிப்புகளை மட்டும் வாசித்தார். "அவள் கதவைத் திறக்கிறாள்." "இருள்." வெளிச்சம் எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் "இருள்" என்று சொல்ல, நாங்கள் முப்பது பேரும் அதை நம்பினோம்.

கதை மனிற்றோபாவில் ஒரு சிறு பட்டணத்தில் நடக்கிறது. கணவன் செத்து ஒரு மாதம். மனைவி வங்கிக்குத் தொலைபேசி எடுக்கிறாள். கூட்டுக் கணக்கிலிருந்து அவன் பெயரை எடுக்க வேண்டும். மறுமுனைப் பெண் மிகுந்த மரியாதையோடு, கணக்கு அவர் பெயரில்தான் முதலில் திறக்கப்பட்டது, ஆகவே அவரோடு ஒரு நிமிடம் பேச வேண்டும் என்கிறாள். இவள் சொல்லிப் பார்க்கிறாள். மறுமுனைக்கு விளங்கவில்லை, அல்லது அவள் கணினியில் அதற்கான பெட்டி இல்லை. மூன்றாம் தடவை இவள் களைத்துப்போய், "அவர் இப்ப வீட்டில இல்லை" என்கிறாள். "எத்தனை மணிக்கு வருவார்?" இதற்கு இவள் பதில் சொல்லத் தொடங்கி, அவன் வழக்கமாக எத்தனை மணிக்கு வருவான், வந்ததும் தொப்பியை எங்கே போடுவான், எந்தக் கதிரையில் இருப்பான் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். ஒன்றரைப் பக்கம். முதல் பாதிக்கு அறை குலுங்கிச் சிரித்தது. இரண்டாம் பாதியில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான பெண் கைக்குட்டையை எடுத்தார். நானும் எடுத்திருப்பேன், என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியை எழுப்பி அந்தக் காட்சி முழுவதையும் நடித்துக் காட்டினேன். அவள் தூக்கக் கலக்கத்தில், "நல்லாயிருக்கு, காலமை சொல்லுங்கோ" என்றாள்.

மெழுகுதிரித் தொழிற்சாலை

இந்த வாசிப்புப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் டூபொன்ட் தெருவுக்குப் போக வேண்டும். 1970இல் அங்கே ஒரு கார் திருத்தும் கடைக்கு மேலே, முன்பு மெழுகுதிரி செய்த ஒரு கட்டடத்தில், இருபதுகளில் இருந்த கென் காஸ் என்பவர் ஃபாக்டரி தியேட்டர் லாப் என்று ஒன்றைத் தொடங்கினார். தொழிற்சாலை என்ற பெயர் கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் போட்ட விதி ஒன்றே ஒன்று: இங்கே கனடிய நாடகம் மட்டும்தான். இன்று கேட்க இதில் புதினம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு ஆங்கிலக் கனடாவின் பெரிய மேடைகளில் ஓடியவை லண்டனிலும் நியூயோர்க்கிலும் ஓடி முடிந்தவை. 1953இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் விழா தொடங்கியபோதுகூட நெறியாளர் டைரோன் கத்ரியையும் நடிகர் அலெக் கின்னஸையும் இங்கிலாந்திலிருந்துதான் அழைத்தார்கள், போட்டதும் ஷேக்ஸ்பியர். நாடகம் என்றால் கப்பலில் வந்து இறங்குவது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. கனடிய நாடகம் மட்டும் என்றால், எங்கே அந்த நாடகங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் காஸ் என்ன காட்டியிருப்பார்? கடை திறந்தாயிற்று, சரக்கு இனித்தான் விளைய வேண்டும்.

ஆனால் விளைந்தது. ஜோர்ஜ் எஃப். வோக்கர் ரொறன்ரோவில் ரக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். புதிய எழுத்துருக்கள் வேண்டும் என்று ஃபாக்டரி ஒட்டிய அறிவித்தலை ஒரு விளக்குக் கம்பத்தில் பார்த்து, ஒன்றை எழுதி அனுப்பினார். 1971இல் அதை மேடையேற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதியது கொஞ்சநஞ்சமில்லை. ஆளுநர் நாயகம் விருதும் பல நாட்டு மேடைகளும் பின்னால் வந்தன. விளக்குக் கம்பத்துக் கதையை நாடகக்காரர்கள் அடிக்கடி சொல்வார்கள், கொஞ்சம் அலுத்தும் போயிற்று. எனக்கு அதில் பிடித்தது ரக்சிக்காரர் எழுத்தாளரான அதிசயமில்லை. முதல் நாடகத்தை வைத்துக்கொண்டு ஒருவரை அளக்காமல், இரண்டாவதையும் மூன்றாவதையும் எழுத அதே இடத்தில் அவருக்கு இருக்கை போட்டுக் கொடுத்தார்களே, அது.

அதே 1971 மாசியில் ஃபாக்டரியில் டேவிட் ஃபிரீமனின் 'க்ரீப்ஸ்' வந்தது. பெருமூளை வாதம் உள்ள ஆண்கள் சிலர், தங்களுக்கென்று நடத்தப்படும் ஒரு பட்டறையில் அற்பச் சம்பளத்துக்கு அற்ப வேலை செய்கிறார்கள். கண்காணிப்புக்குத் தப்பிக் கழிப்பறையில் கூடிப் பேசுகிறார்கள். நாடகம் முழுக்க அந்தக் கழிப்பறையிலேயே நடக்கிறது. ஃபிரீமனுக்கே அந்த வாதம் இருந்தது. நெறியாள்கை செய்த பில் கிளாஸ்கோ, மனைவி ஜேனுடன் சேர்ந்து பிரிஜ்மன் அவென்யூவில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், டாரகன் தியேட்டரைத் தொடங்கினார். டாரகன் என்பது சமையலில் போடும் ஒரு வாசனை இலை. தொழிற்சாலைக்குப் போட்டியாகக் கறிவேப்பிலை என்று பெயர் வைத்ததுபோல. ஐப்பசியில் அங்கே முதல் நாடகமாகப் போட்டதும் அதே 'க்ரீப்ஸ்'தான். ஒரே ஆண்டில் ஒரு புதிய நாடகத்துக்கு இரண்டு மேடையேற்றம். அதைப் பார்க்க வந்தவர்களில் டேவிட் ஃபிரெஞ்ச் ஒருவர். நியூஃபவுண்ட்லாண்டிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. இந்த ஆட்களிடம் கொடுக்கலாம் என்று நம்பி, தகப்பனும் மகனும் முட்டிக்கொள்ளும் தன் குடும்ப நாடகத்தைக் கிளாஸ்கோவிடம் கொண்டுபோனார். 1972இல் 'லீவிங் ஹோம்' வந்தது. ஒரு நாடகம் இன்னொன்றைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்த கணக்கு.

காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கலைகளுக்கு மானியம் கொடுக்கும் கனடா கவுன்சில் 1957இலிருந்தே இருந்தது என்றாலும் இந்தச் சின்னக் குழுக்களைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு 1971இல் அரசாங்கம் குளிர்கால வேலையில்லாத் திண்டாட்டத்துக்காகக் கொண்டுவந்த உள்ளூர் முயற்சித் திட்டத்துக்கு உண்டு. ஒரு நாட்டின் நாடக இலக்கியம் பனிக்கால நிவாரணத்தில் வளர்ந்தது. அதே ஆண்டு வானொலியில் 30 சதவீதம் கனடியப் பாட்டு என்ற விதி வந்தது, நாடக எழுத்தாளர்களும் கூடி அரசு மானியம் பெறும் அரங்குகளில் பாதியாவது கனடிய நாடகம் வேண்டும் என்று கேட்டார்கள். பாட்டுக்குக் கிடைத்தது, நாடகத்துக்கு அப்படி ஒரு சட்டம் கிடைக்கவில்லை. எனக்கு விகிதாசாரக் கணக்குகளில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் 1972இல் அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எழுத்தாளர்கள் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கி, எழுத்துருக்களைத் தட்டச்சில் அடித்து மலிவாகப் பிரதி எடுத்து விற்றார்கள். அட்டை அழகில்லை, ஆனால் நாடகம் தொலையவில்லை. இதற்குத் திரும்பி வருவேன்.

கிழங்கு சீவின இடம்

வாசிப்பு நடந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு, புரட்டாசியில், அந்த மனிற்றோபா நாடகம் மேடைக்கு வந்தது. இரண்டு ரிக்கற் எடுத்தேன். போகும் வழியெல்லாம் வங்கிக் காட்சியைப் பற்றியே மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனேன். இடைவேளைக்கு முன்பா பின்பா வரும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். வந்தது. அவள் சமையலறையில் தொலைபேசியை எடுத்தாள், இலக்கங்களை அழுத்தினாள். நான் மனைவியை முழங்கையால் இடித்தேன். மறுமுனையில் யாரும் வரவில்லை. காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டுப் போகத் தொடங்கியது, அந்த உப்புச்சப்பில்லாத பாட்டு. அவள் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்தை எடுத்து உருளைக்கிழங்கு சீவத் தொடங்கினாள். பாட்டு போகிறது. கிழங்கு சீவுகிறாள். இடையிடையே பாட்டு நின்று, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல். அவள் தலை நிமிர்ந்து பார்க்கிறாள், பிறகு சீவுகிறாள். மூன்று நான்கு நிமிடம் இருக்கும். சீவி முடிந்ததும் எண்ணிப் பார்க்கிறாள், இரண்டு பேருக்கான கிழங்கு. ஒன்றிரண்டைத் திருப்பிப் பைக்குள் போடுகிறாள். தொலைபேசியை நிறுத்திவிட்டு விளக்கை அணைக்கிறாள்.

மீதி நாடகம் எனக்கு ஓடவில்லை. ஒருவேளை பின்னால் வருமோ என்று கடைசிவரை பார்த்திருந்தேன். டொன் வலி நெடுஞ்சாலையில் வடக்கே வரும்போது புலம்பத் தொடங்கினேன். இதுதான் இந்தக் களப்பயிற்சிகளின் சாபம், பத்துப் பேர் பத்து அபிப்பிராயம் சொல்லி, பயந்துபோன பிள்ளை நல்லதை வெட்டிவிட்டது, அது இது என்று. மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு, "எனக்கு அந்த மனுசி கிழங்கு சீவின இடம்தான் பிடிச்சது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "அம்மாவை நினைச்சன்."

மாமி யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் எங்கள் அழைப்புக்காகக் கொமியூனிக்கேஷன் கடையில் வந்து காத்திருப்பார். இத்தனை மணிக்கு எடுப்போம் என்று கடிதத்தில் எழுதியிருப்போம். இணைப்புக் கிடைக்காத நாட்களில் அவர் எவ்வளவு நேரம் அந்தக் கடை வாங்கில் இருந்தார், இருந்தபோது கைகளை என்ன செய்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மனைவி யோசித்திருக்கிறாள். மனிற்றோபாக் காரி ஒருத்தி கிழங்கு சீவிய நான்கு நிமிடத்துக்குள் பருத்தித்துறை வீதி வாங்கில் இருந்த ஒரு கிழவிக்கு இடம் இருந்திருக்கிறது. நான் காத்துக்கொண்டிருந்த ஒன்றரைப் பக்கம் சொற்களால் நிறைந்த பக்கம். தொப்பியும் கதிரையும் அந்த வீட்டுக்காரனுடையவை. அங்கே மாமி எங்கே வந்து இருப்பார்?

இதைச் சொல்லிவிட்டால் கோபம் தீர்ந்துவிட வேண்டும், நியாயப்படி. தீரவில்லை. அந்தப் பக்கமும் நல்ல பக்கம்தான், எங்கள் முப்பது பேரைத் தவிர யாரும் அதைக் கேட்கவில்லை.

ஒருவேளை நான் நெடுஞ்சாலையில் சொன்ன குற்றச்சாட்டு முழுப் பொய்யும் இல்லை. டாரகனை 1982 முதல் 2001இல் இறக்கும்வரை நடத்திய உர்ஜோ கரேடா, எஸ்தோனியாவில் பிறந்து, போருக்குப் பின் சிறுவனாகக் கனடா வந்த மனிதர். முன்பு பத்திரிகை விமர்சகர். எழுத்தாளர்களை வருடம் முழுக்கச் சேர்த்துவைத்து எழுதவைக்கும் குழு ஒன்றை டாரகனில் வளர்த்தவர். தபாலில் வந்த எழுத்துருக்களைத் தானே படித்து, வேண்டாம் என்பதற்கும் காரணம் எழுதிப் பதில் போடுவார் என்பதற்குப் பெயர்பெற்றவர். அந்த மனிதரே, களப்பயிற்சிகள் பெருத்துப்போய் எழுத்தாளர்கள் திருத்தித் திருத்தியே காத்துக் கிடக்கிறார்கள் என்று சலித்து எழுதியிருக்கிறார். வாசிப்பு வைப்பது மலிவு, மேடையேற்றுவது செலவு. "உங்கள் நாடகத்தை நாங்கள் வளர்த்தெடுக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு குழு பத்து வருடம் ஒன்றும் போடாமல் கடத்தலாம். இன்ஸ் சோய் 'கிம்ஸ் கன்வீனியன்ஸ்' நாடகத்தை ஆசியக் கனடியர்களின் எழுத்தாளர் குழு ஒன்றில் 2005இல் எழுதத் தொடங்கியவர். அரங்குகள் ஏற்கவில்லை. 2011இல் ரொறன்ரோ ஃபிரிஞ்ச் நாடக விழாவின் புதிய நாடகப் போட்டியில் வென்று, தானே நெறியாள்கை செய்து போட்டார். சனம் வரிசையில் நின்றது. அடுத்த ஆண்டே பெரிய அரங்கு, பிறகு தொலைக்காட்சித் தொடர், நெட்ஃபிளிக்ஸ். மூலைக்கடை வைத்திருக்கும் கொரியத் தகப்பனைக் கனடிய நாடகம் என்று அடையாளம் காண அரங்குகளுக்கு ஆறு வருடம் பிடித்தது. தேசிய நாடகம் என்று பலகை போட்டால் மட்டும் போதாது, தேசத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவ்வப்போது வாசலில் வந்து பார்க்கவும் வேண்டும்.

பார்க்கவும் செய்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டேவிட் ஃபிரெஞ்சின் 'சோல்ட் வாட்டர் மூன்' 1984இல் டாரகனில் வந்த நாடகம். 1926இல் நியூஃபவுண்ட்லாண்ட் கிராமமொன்றில் ஒரு நிலா இரவு, விட்டுப்போன காதலன் திரும்பி வருகிறான். அதை 2016இல் ஃபாக்டரியில் ரவி ஜெயின் நெறியாள்கை செய்தார். வீடு இல்லை, திண்ணை இல்லை, தரை நிறைய மெழுகுதிரிகள். நடித்தவர்கள் காவா அடாவும் மேய்கோ நுயெனும். ஒருவர் ஆப்கானிஸ்தானில் பிறந்தவர், மற்றவர் வியட்நாமிய வழி வந்தவர். மேடைக்குறிப்புகளை ஒரு பாடகி வாசித்தார், பொது வாசிப்பில் வாசிப்பதுபோலவே. ஃபாக்டரி பாதர்ஸ்ட் தெருவில் 19ஆம் நூற்றாண்டு வீடு ஒன்றுக்கு மாறி எவ்வளவோ காலம். ஆனாலும் மெழுகுதிரித் தொழிற்சாலைக்காரர் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

எங்கள் பேஸ்மென்ற்

எங்களுக்கு இந்தப் பொறுமை தெரியாது என்று சொல்லவில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். களப்பயிற்சி என்ற சொல்லே எங்களுக்கு அந்த வட்டாரத்திலிருந்து வந்து பழகியது. 1985இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையில் 'மண் சுமந்த மேனியர்' ஊர் ஊராகப் போனது. ஒரு நாடகம் பல முறை ஆடப்பட்டால் அது தானாகத் திருந்தும், தேய்ந்த இடம் தெரியும். இங்கே வந்த பிறகு எங்களுக்குக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை மாலை. மண்டபத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. நாடகம் பிறக்கிறதும் அன்றே, அடக்கமும் அன்றே.

என்னுடையதும் அப்படித்தான். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு ஊர்ச் சங்க ஒன்றுகூடலுக்கு நாற்பது நிமிட நாடகம் ஒன்று எழுதினேன். ஸ்காபரோவில் ஒரு நண்பரின் பேஸ்மென்ற்றில் ஆறு வாரம் ஒத்திகை, வேலை முடிந்து வருகிறவர்கள் சாப்பிடாமல் வருவார்கள், ஒவ்வொரு நாளும் யாராவது கொத்துரொட்டி வாங்கி வருவார்கள். விமான நிலையத்தில் தாயைக் கூட்டிவரப் போகும் மகனின் கதை. அதில் ஒரு ரக்சிக்காரர் வருவார், பேச்சுக்குப் பேச்சு பகிடி. நெறியாள்கை செய்த அண்ணை ஊரில் நல்ல அனுபவப்பட்டவர். மூன்றாம் வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ரக்சிக்காரன்ர பக்கத்தை எடுத்துவிடும். தாயும் மகனும் காருக்குள்ள சும்மா இருந்து வரட்டும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. சனம் சிரிக்கிற ஒரே இடம் அது அண்ணை என்றேன். அவர் பிறகு வற்புறுத்தவில்லை. ஒன்றுகூடலில் சனம் சிரித்தது. எனக்கும் பெருமைதான். எல்லோரும் வந்து கை குலுக்கி, நல்லாயிருந்தது என்றார்கள். கொத்துரொட்டிக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

எழுத்துரு இரண்டு பிரதி இருந்தது. ஒன்று ஒத்திகையிலேயே கிழிந்து போனது. மற்றதை வீடியோ எடுக்க வந்தவர் காட்சி வரிசை பார்க்க வாங்கிப்போனார். வீடியோவும் வரவில்லை, எழுத்துருவும் வரவில்லை. அண்ணை இப்போது இல்லை. அந்தக் கூட்டுறவுக்காரரின் தட்டச்சுப் பிரதிகளைப் பற்றிப் படித்தபோது வயிறு எரிந்ததற்குக் காரணம் இதுதான்.

கிழங்கு சீவிய இரவுக்குப் பிறகு, அந்த நாடகத்தை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்போம் என்று ஒரு கொப்பி வாங்கினேன். தாய் விமான நிலையக் கதவால் வெளியே வரும்போது சொல்லும் முதல் வசனம் வரவில்லை. மகன் கோட்டைக் கழற்றித் தாய்க்குப் போடும் இடத்தில் அவன் என்ன பேசினான் என்று தெரியவில்லை. அண்ணை சொன்ன அந்தப் பேச்சில்லாத காரை எழுதலாம் என்றால், அதற்கு முன்னும் பின்னும் எதுவோ இருக்க வேண்டும். மூன்று இரவு இருந்து பார்த்தேன். கொப்பியில் இப்போது இருப்பது ரக்சிக்காரரின் பக்கம் மட்டும்தான். ஒரு சொல் பிசகாமல், பகிடிகள் அத்தனையும்.